மாற்கு சுவிசேஷத்தை முதன்முறையாக வாசிப்பவர்களுக்கு

பைபிளின் புதிய ஏற்பாட்டில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், மாற்கு என்றுதான் சொல்வேன். அச்சில் அது இரண்டாவது இடத்தில் இருக்கிறது. ஆனால் அளவில் மிகச் சிறியது, மொத்தமே 16 அதிகாரங்கள். முதலில் எழுதப்பட்டதும் அதுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மாற்கு எழுதியதை முன்னால் வைத்துக்கொண்டுதான் மத்தேயுவும் லூக்காவும் எழுதினார்கள் என்கிறார்கள். மத்தேயுவில் தொடங்குபவர்கள் பலர் முதல் பக்கத்து வம்ச வரலாற்றிலேயே களைத்துப் போகிறார்கள். மாற்குவில் அந்தத் தடை கிடையாது. பெத்லகேம், மேய்ப்பர்கள், சாஸ்திரிகள் எதுவும் இல்லை. முதல் அதிகாரத்திலேயே இயேசு வளர்ந்த மனிதராக யோர்தான் நதிக்கரைக்கு வந்துவிடுகிறார்.

நீங்கள் சபைக்குப் போகிறவராக இருக்கலாம், வேறு சமயத்தவராக இருக்கலாம், எந்தச் சமயமும் வேண்டாம் என்பவராகவும் இருக்கலாம். கீழே சொல்லும் முறை எல்லாருக்கும் உதவும். நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: மாற்குவை முழுதாக வாசிக்க வேண்டும். வீட்டுச் சுவரில் தொங்கும் வாக்குத்தத்த வசனம் மாதிரி ஒவ்வொரு வரியாகப் பிய்த்து எடுத்தால், அவர் சொல்ல வந்தது கைக்கு வராது.

1. எந்த மொழிபெயர்ப்பு?

தமிழில் இரண்டு மொழிபெயர்ப்புகள் எளிதாகக் கிடைக்கும். ஒன்று, இந்திய வேதாகமச் சங்கம் அச்சிடும் பழைய திருப்புதல். புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது இதுதான். நடை 19ஆம் நூற்றாண்டு நடை. மற்றொன்று 1995இல் வந்த திருவிவிலியம். கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து செய்தது, இன்றைய தமிழில் இருக்கும். புதிதாக வாசிப்பவருக்குத் திருவிவிலியம் சுலபம்.

ஒன்றில் வாசித்துவிட்டு மற்றொன்றின் வழக்கில் யாராவது பேசினால் குழம்ப வேண்டாம். ஞானஸ்நானமும் திருமுழுக்கும் ஒன்று. இயேசு தம்மைக் குறிக்கச் சொல்லும் மனுஷகுமாரனும் மானிட மகனும் ஒருவரே. தேவனுடைய ராஜ்யம் என்பதை இறையாட்சி என்பார்கள், வேதபாரகரை மறைநூல் அறிஞர் என்பார்கள். இந்தக் கட்டுரையில் வரும் மேற்கோள்கள் பழைய திருப்புதலிலிருந்து எடுத்தவை. 8:29 என்று போட்டிருந்தால் எட்டாம் அதிகாரம், 29ஆம் வசனம்.

2. ஒரே அமர்வில் முழுவதையும் வாசியுங்கள்

ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முடிந்தால் வாய்விட்டு வாசியுங்கள், அல்லது யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். செல்பேசிச் செயலியில் ஒலி வடிவம் கிடைத்தால் அதுவும் நல்லது. முதல் நூற்றாண்டில் எழுத்தறிந்தவர்கள் குறைவு. ஒரு வீட்டில் கூடியிருந்தவர்களுக்கு ஒருவர் எழுந்து வாசிக்க, மற்றவர்கள் காதால் கேட்டார்கள். மாற்கு எழுதியது அந்தக் காதுகளுக்காக. அதிகார எண்களைப் போட்டது 13ஆம் நூற்றாண்டில், வசன எண்களைப் போட்டது 16ஆம் நூற்றாண்டில். இடம் தேடுவதற்கு அவை வசதி, அவ்வளவுதான். அதிகாரம் முடிந்ததே என்று நிறுத்தாதீர்கள்.

கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். யாராவது இயேசுவைப் பார்த்து 'இவர் யார்' என்று கேட்கும் இடத்திலும், 'இவர் இன்னார்' என்று சொல்லும் இடத்திலும் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். புரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். விளக்கவுரையை இப்போது திறக்க வேண்டாம்.

3. இரண்டு காலங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

சுவிசேஷத்தின் பின்னணி என்றால் இரண்டு காலங்கள். சம்பவங்கள் நடந்தது ஏறத்தாழ கி.பி. 30 வாக்கில். எழுதப்பட்டது கி.பி. 70ஐ ஒட்டி. இடையில் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இரண்டையும் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்குறிகள் அழிந்துவிடும்.

முதலில், சம்பவங்கள் நடந்த காலம். பெரிய ஏரோது கி.மு. 4இல் இறந்தபின் அவன் ராஜ்யம் மகன்களுக்குள் பிரிந்தது. கலிலேயா ஏரோது அந்திப்பாவுக்குப் போனது. யோவான் ஸ்நானகனைக் கொன்றவன் இவன்தான், இந்தக் கொலையை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும் எழுதியிருக்கிறார். யூதேயாவோ கி.பி. 6 முதல் ரோம அதிகாரிகளின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அவர்களில் ஒருவன் பொந்தியு பிலாத்து, பதவியில் இருந்தது கி.பி. 26 முதல் 36 வரை. அவன் பெயர் பொறித்த கல் ஒன்று 1961இல் மத்தியதரைக் கடலோரச் செசரியாவில் தோண்டி எடுக்கப்பட்டது. ஆக, இயேசு கலிலேயாவில் ஊர் ஊராகப் போவது ஓர் ஆட்சியில், எருசலேமில் கொல்லப்படுவது வேறோர் ஆட்சியில்.

ஒரு வரைபடத்தைத் திறந்து கலிலேயாக் கடலைப் பாருங்கள். கடல் என்று பெயர், உண்மையில் நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சுற்றிலும் மேடு என்பதால் காற்று திடீரென்று இறங்கும். 1986இல் ஏரியில் நீர் குறைந்தபோது அந்தக் காலத்து மீன்பிடிப் படகு ஒன்று சேற்றிலிருந்து கிடைத்தது. நீளம் சுமார் எட்டு மீட்டர். பதின்மூன்று பேர் ஏறினால் நெருக்கித்தான் உட்கார வேண்டும். நான்காம் அதிகாரத்துப் புயலை இந்தப் படகை நினைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பரிசேயர், சதுசேயர், வேதபாரகர் என்று பெயர்கள் வரும். பரிசேயர் அன்றாட வாழ்க்கையில் நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் சட்டத்தை, நுணுக்கமாகக் கடைப்பிடிக்க முயன்ற இயக்கத்தார். சதுசேயர் எருசலேம் ஆலயத்தையும் ஆசாரியக் குடும்பங்களையும் சார்ந்தவர்கள், உயிர்த்தெழுதலை ஏற்காதவர்கள். வேதபாரகர் எழுத்தறிந்த சட்ட அறிஞர்கள். இவர்களையெல்லாம் ஒட்டுமொத்தமாக வில்லன்கள் ஆக்கிவிடாதீர்கள். இயேசு யூதர், அவருடைய சீஷர்கள் யூதர்கள், இந்த வாக்குவாதங்கள் ஒரு வீட்டுக்குள் நடப்பவை. 12ஆம் அதிகாரத்தில் ஒரு வேதபாரகனை இயேசு பாராட்டுகிறார். இயேசுவின் உடலைக் கேட்டு வாங்கி அடக்கம் செய்யும் யோசேப்பும் யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தைச் சேர்ந்தவரே. இதைக் கவனிக்காமல் வாசித்ததால் யூதர்கள்மேல் பல நூற்றாண்டுகளாக ஏவப்பட்ட வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. புதிய வாசகர் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

அப்புறம், எழுதப்பட்ட காலம். கி.பி. 64இல் ரோம நகரம் எரிந்தபின் நீரோ மன்னன் கிறிஸ்தவர்கள்மேல் பழிபோட்டுக் கொடூரமாகக் கொன்றான். கி.பி. 66இல் யூதேயாவில் ரோமுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேமைப் பிடித்து ஆலயத்தை எரித்தது. 'ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி' இடிக்கப்படும் என்று 13ஆம் அதிகாரத்தில் வருவதை முதலில் கேட்டவர்களுக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. சிலுவையைச் சுமப்பது என்பதும் அவர்களுக்கு உருவகமாக மட்டும் ஒலித்திருக்காது.

எழுதியவர் யார்? நூலுக்குள் பெயர் கிடையாது. 'மாற்கு எழுதிய சுவிசேஷம்' என்ற தலைப்பு பிற்பாடு சேர்ந்தது. இயேசுவின் சீஷர் பேதுரு சொல்லக் கேட்டு மாற்கு எழுதினார் என்று இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பப்பியா என்ற ஆயர் சொன்னதை, சபை வரலாற்றாசிரியர் யூசேபியு பதிவு செய்திருக்கிறார். புதிய ஏற்பாட்டின் இன்னொரு நூலான அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் யோவான் மாற்குதான் இவர் என்பது சபை மரபு. ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் யாருக்காக எழுதப்பட்டது என்பதற்கு நூலுக்குள்ளேயே தடயம் உண்டு. யூதர்கள் கை கழுவும் வழக்கத்தை 7ஆம் அதிகாரத்தில் நிறுத்தி விளக்குகிறார். 'தலீத்தாகூமி', 'எப்பத்தா' போன்ற அரமேயச் சொற்களுக்கு உடனே பொருள் சொல்கிறார். யூத வழக்கமும் அரமேயமும் தெரியாத, கிரேக்கம் பேசும் கூட்டம்தான் அவர் முன்னால் இருந்தது என்று இதிலிருந்து புரிகிறது.

4. 'இவர் யார்' என்ற கேள்வியைப் பின்தொடருங்கள்

இப்போது பென்சில் கோடுகளுக்குத் திரும்புங்கள். முதல் வரியிலேயே மாற்கு விடையைச் சொல்லிவிடுகிறார்: 'தேவனுடைய குமாரனாகிய இயேசு கிறிஸ்துவினுடைய சுவிசேஷத்தின் ஆரம்பம்'. அதாவது வாசகருக்குத் தெரியும். கதைக்குள் இருக்கும் மனிதர்களுக்குத் தெரியாது.

சொந்தக்காரர்கள் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பிடித்துக்கொண்டுபோக வருகிறார்கள் (3:21). எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் பிசாசு பிடித்தவன் என்கிறார்கள். நாசரேத்து ஊரார் 'இவன் தச்சன் அல்லவா' என்கிறார்கள். ஏரோது, தான் தலைவெட்டிய யோவான் எழுந்து வந்துவிட்டதாக நினைக்கிறான். புயல் அடங்கியதும் சீஷர்கள் நடுங்கிப்போய், 'இவர் யாரோ?' என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள் (4:41). நூலின் முதல் பாதியில் சரியான விடையைச் சொல்வது பரலோகத்துச் சத்தமும் அசுத்த ஆவிகளும் மட்டும். அந்த ஆவிகளையும் பேசக்கூடாது என்று அதட்டிவிடுகிறார். குணமானவர்களிடமும் யாருக்கும் சொல்லாதே என்கிறார்.

இது ஏன்? ஜெர்மானிய அறிஞர் விரேடே 1901இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார், விவாதம் இன்னும் முடியவில்லை. என் புரிதல் இது: அற்புதங்களை மட்டும் பார்த்து இவர் யார் என்று முடிவுகட்டினால் அந்த முடிவு அரைகுறையாகத்தான் இருக்கும் என்று மாற்கு நினைக்கிறார். சிலுவை வரை காத்திருக்கச் சொல்கிறார். இதை நடுப்பகுதியில் தெளிவாகவே காட்டுகிறார்.

5. நடுப்பகுதியை மெதுவாக வாசியுங்கள் (8:22 முதல் 10:52 வரை)

ஒரே ஒரு பகுதியை இரண்டாம் முறை வாசிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். மாற்குவின் சாவி இங்கே இருக்கிறது.

பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு தொடுகிறார். பார்வை வருகிறது, ஆனால் முழுதாக இல்லை. மனிதர்கள் நடக்கிற மரங்களைப் போலத் தெரிகிறார்கள். மறுபடி தொட்டபின்தான் எல்லாம் தெளிவாகிறது. சுவிசேஷங்களில் இரண்டு கட்டமாக நடக்கும் குணமாக்குதல் இது ஒன்றுதான். அடுத்த காட்சியிலேயே பிலிப்புச் செசரியா போகும் வழியில் இயேசு கேட்கிறார், நீங்கள் என்னை யார் என்று சொல்கிறீர்கள்? பேதுரு 'நீர் கிறிஸ்து' என்கிறான். சரியான விடை. உடனே இயேசு, தாம் பாடுபட்டுக் கொல்லப்பட்டு மூன்று நாளைக்குப் பின் எழுந்திருக்க வேண்டும் என்கிறார். பேதுரு அவரைத் தனியே அழைத்துப்போய்க் கடிந்துகொள்கிறான். கிறிஸ்து என்றால் தாவீதின் வம்சத்து ராஜா, அந்நியரை விரட்டுபவர் என்று பலர் எதிர்பார்த்திருந்த காலம். ரோமர் கையில் செத்துப்போகிற கிறிஸ்துவை யார் கற்பனை செய்வார்கள்? பேதுருவுக்கு இப்போதைக்கு மரங்கள்தான் தெரிகின்றன.

இதே அமைப்பு மூன்று முறை வருகிறது. 8:31, 9:31, 10:33 ஆகிய மூன்று இடங்களிலும் இயேசு தம் சாவைப் பற்றிச் சொல்கிறார். மூன்று முறையும் சீஷர்கள் தவறாகவே எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் பேதுரு. இரண்டாம் முறை சொல்லி முடித்ததும், வழியில் தங்களில் யார் பெரியவன் என்று வாக்குவாதம். மூன்றாம் முறை சொன்னதும் யாக்கோபு, யோவான் என்ற இரு சீஷர்கள் வந்து, உம்முடைய மகிமையில் ஒருவன் வலப்பக்கமும் ஒருவன் இடப்பக்கமும் உட்கார வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இயேசு அவர்களை உட்காரவைத்து மறுபடி சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் போதனையின் உச்சம் 10:45: 'மனுஷகுமாரனும் ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும், அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்'. முழுச் சுவிசேஷத்தின் செய்தியை ஒரு வசனத்தில் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பகுதி முடிவதும் ஒரு குருடனோடுதான். எரிகோ வழியோரத்தில் பிச்சை கேட்கும் பர்திமேயு. யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்ட அதே கேள்வியை இயேசு இவனிடமும் கேட்கிறார்: உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்? அவர்கள் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் இடம் கேட்டார்கள். இவன் பார்வை கேட்கிறான். கிடைத்ததும் வழியிலே அவருக்குப் பின்னே நடக்கிறான். எரிகோவிலிருந்து எருசலேம் சுமார் 25 கிலோமீட்டர், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். அந்த வழி எங்கே கொண்டுபோகிறது என்று வாசகருக்கு இப்போது தெரியும்.

6. கதைக்குள் கதை வந்தால் இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்

மாற்கு ஒரு கதையைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வேறொன்றைச் சொல்லிவிட்டு, மறுபடி முதல் கதைக்கு வருவார். கவனக்குறைவு அல்ல, உத்தி. ஐந்தாம் அதிகாரத்தில் ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகள் சாகக்கிடக்கிறாள். இயேசு அவளைப் பார்க்கப் போகும் வழியில் பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண் வந்து அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். சிறுமிக்கு வயது பன்னிரண்டு. ஜெப ஆலயத் தலைவன் ஒரு பக்கம், சுத்தமில்லாதவள் என்று ஒதுக்கப்பட்டுக் கைக்காசெல்லாம் வைத்தியருக்குக் கொடுத்துத் தீர்ந்தவள் மறுபக்கம். தலைவனைக் காக்க வைத்து, அந்தப் பெண்ணை 'மகளே' என்று கூப்பிடுகிறார்.

11ஆம் அதிகாரத்தில் அத்திமரமும் ஆலயமும் இப்படியே. கனியில்லாத மரத்தை ஏன் சபிக்க வேண்டும் என்று புதியவர்கள் எல்லாருமே கேட்கிறார்கள். மரத்தின் கதைக்கு நடுவே இருப்பது ஆலயத்தில் மேசைகளைக் கவிழ்க்கும் சம்பவம். மரத்துக்கு நடப்பது ஆலயத்தைப் பற்றிய தீர்ப்பு என்று சேர்த்து வாசித்தால் விளங்கும்.

7. சிலுவைப் பகுதியை வாசிப்பதற்கு முன் 22ஆம் சங்கீதம்

பழைய ஏற்பாடு முழுவதும் இப்போதே வாசிக்க முடியாது. மூன்று இடங்கள் போதும்: ஏசாயா 40ஆம் அதிகாரத்தின் தொடக்கம், தானியேல் 7:13-14, 22ஆம் சங்கீதம் (சங்கீதங்கள் என்பவை ஜெபப் பாடல்கள்). முதலாவது மாற்குவின் ஆரம்ப வசனங்களுக்கு, இரண்டாவது மனுஷகுமாரன் என்ற பெயருக்கு, மூன்றாவது சிலுவைக்கு.

இனி 14, 15ஆம் அதிகாரங்கள். வேகமாக ஓடிவந்த நூல் இங்கே மணிக்கணக்கில் நின்று சொல்கிறது. சிலுவை ரோமர்கள் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்த தண்டனை. போர்ச்சேவகர் இயேசுவுக்குச் சிவப்பு அங்கி உடுத்தி, முள்முடி சூட்டி, ராஜாவே வாழ்க என்று முழங்காலிடுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது கேலி. மாற்குவைப் பொறுத்தவரை அது முடிசூட்டு விழா. வலப்பக்கம் ஒருவனும் இடப்பக்கம் ஒருவனுமாக இரண்டு கள்ளரைச் சிலுவையில் அறைந்தார்கள் என்று 15:27 சொல்லும்போது, யாக்கோபும் யோவானும் கேட்ட இடங்கள் நினைவுக்கு வர வேண்டும். என்ன கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று இயேசு அன்றே சொன்னார்.

'என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற கூக்குரலை எந்தச் சமாதானமும் சொல்லி மென்மையாக்க வேண்டாம். அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. சங்கீதம் துதியில் முடிகிறது என்பது உண்மை. ஆனால் மாற்கு எழுதியிருப்பது முதல் வரியை மட்டும். இயேசு உயிர்விட்டதும் ஆலயத் திரைச்சீலை கிழிகிறது. எதிரே நின்ற ரோம நூற்றுக்கு அதிபதி, 'மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்' என்கிறான் (15:39). கதைக்குள் ஒரு மனிதன் வாயிலிருந்து 'தேவனுடைய குமாரன்' என்ற விடை வருவது இதுவே முதல்முறை. அற்புதங்களைக் கண்ட சீஷர்கள் சொல்லவில்லை. அவர் சாவதை மட்டும் பார்த்த அந்நியன் சொல்கிறான்.

8. 16:8இல் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்

கல்லறை காலியாக இருக்கிறது. அவர் எழுந்தார், கலிலேயாவுக்கு முந்திப் போகிறார், அங்கே அவரைக் காண்பீர்கள் என்று சீஷர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்று வெண்ணாடை உடுத்திய வாலிபன் சொல்கிறான். பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தால் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரு பழைய கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் மாற்கு இங்கேயே முடிந்துவிடுகிறது. 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் பின்னர் சேர்க்கப்பட்டவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இவை சபையில் வெகுகாலமாக வாசிக்கப்பட்டு வருபவை, தாராளமாக வாசியுங்கள். ஆனால் முதலில் 8ஆம் வசனத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஏன் இப்படி முடிக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் யோசியுங்கள். குழுவாக வாசித்தால் இந்த ஒரு கேள்விக்கே ஒரு மாலைப் பொழுது போதாது.

9. அடுத்து என்ன?

உடனே மத்தேயு முழுவதையும் தொடங்க வேண்டாம். ஒரே சம்பவத்தை இரண்டிலும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். இயேசு கடல்மேல் நடந்துவருவது மாற்குவில் 6:45-52, மத்தேயுவில் 14:22-33. மத்தேயுவில் படகில் இருந்தவர்கள் 'தேவனுடைய குமாரன்' என்று சொல்லிப் பணிந்துகொள்கிறார்கள். மாற்குவில் அவர்கள் வியந்து போகிறார்கள், ஆனால் இருதயம் கடினமாயிருந்ததால் ஒன்றும் புரியவில்லை. இருவரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் சொல்கிறார்கள், ஆனால் கேட்பவரை வேறு வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இதேபோல் சிலுவைக் காட்சியை லூக்கா 23ஆம் அதிகாரத்தோடு ஒப்பிட்டு, இயேசு கடைசியாகப் பேசும் வார்த்தைகளை இரண்டு பத்திகளாக எழுதிப் பாருங்கள். விளக்கவுரையைத் திறப்பதாக இருந்தால் இதன் பிறகு திறக்கலாம். அப்போது உங்களிடம் சொந்தமாகவே கேள்விகள் இருக்கும்.